மண்ணும் முதுமையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

புலவர் பெருமக்களும் பேராசிரியர்களும் நின்று பேசிய இவ்விடத்தில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் என்னை நிறுத்தியது செயலாளர் அவர்களின் அன்பே அன்றி என் தகுதி அன்று. "எதைப் பற்றிப் பேசுவது?" என்று அவரைக் கேட்டேன். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார். எனக்குத் தெரிந்தவை இரண்டே. ஒன்று பார்சல் அலுவலகம். மற்றொன்று, நான் பிறந்து வளர்ந்த குயவர் வீடு. பார்சலைப் பற்றிப் பேசினால் பாதிப் பேச்சிலேயே நீங்கள் வண்டியேறிவிடுவீர்கள். ஆகவே மண்ணைப் பற்றிப் பேசத் துணிந்தேன்.

மண்ணைப் பற்றி மட்டும் அன்று. வயது முதிர்ந்த பின்னும் ஓய்ந்து உட்காராமல், புதிய புதிய கலங்களை வனைந்து உலகத்தின் முன் வைத்த இருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவர்களைப் பற்றி அறிந்த பின், என் சொந்த வீட்டில் நான் செய்திருந்த பிழை ஒன்று எனக்கு விளங்கிற்று. அதனையும் மறைக்காமல் சொல்லிவிடுவதாக உறுதி செய்துகொண்டு வந்திருக்கிறேன்.

குயத்தொழில் தமிழருக்குப் புதிதன்று. குயவரைப் பழந்தமிழ் வேட்கோ என்று மதிப்போடு குறிக்கிறது. புறநானூற்றின் 256-ஆம் பாட்டில், துணைவனை இழந்த ஒருத்தி ஊர்க் குயவனிடம் வந்து, அவனுக்காக வனையும் ஈமத்தாழியில் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனைந்து தருமாறு வேண்டுகிறாள். பெரியபுராணத்திலோ, தில்லையில் வாழ்ந்த குயவராகிய திருநீலகண்ட நாயனார் அடியார்களுக்குத் திருவோடு வனைந்து அளித்துவந்தார். முதுமை எய்திய அவரும் அவர் மனைவியாரும் குளத்தில் மூழ்கி எழுந்தபோது இளமை பெற்று எழுந்தனர் என்பது அவர் வரலாறு. இக்கதையை என் பாட்டியார் சொல்லக் கேட்ட நாளில், அப்படி ஒரு குளம் எங்கள் ஊரில் இல்லையே என்று ஏங்கியிருக்கிறேன். குளத்தில் இறங்காமலே இளமை காத்தவர்களும் உண்டு என்பதை நாற்பது வயதைக் கடந்த பின்பே அறிந்தேன்.

அறிந்த விதம் சற்று வேடிக்கையானது. சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் டைட்டானிக் என்னும் ஆங்கிலப் படம் ஓடிக்கொண்டிருந்தது. 1997-இல் வெளிவந்த அப்படத்தை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். மூழ்கிய கப்பலில் உயிர் தப்பிய ரோஸ் என்னும் பெண், நூறு வயதைக் கடந்த மூதாட்டியாக முதன்முதலில் நமக்குக் காட்டப்படும் காட்சியில், அவர் சக்கரத்தின் முன் அமர்ந்து கலம் வனைந்துகொண்டிருப்பார்.

கூடத்தின் மூலையில் கட்டிலில் படுத்திருந்த என் தந்தையார் அப்போது தலையைத் தூக்கிப் பார்த்தார். "அந்த அம்மாவுக்கு மண்ணு பிடிக்கத் தெரியலை. முழங்கை தொடையில ஊனணும்" என்றார்.

அவையோர்களே, இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். என் தந்தையார் அதற்கு முன் பல மாதங்களாகக் கேட்ட கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என்பதற்குமேல் வாய் திறந்தவர் அல்லர். அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். அன்று அவர் தாமாகப் பேசியதைக் கேட்ட என் மகள் மகிழ்ந்துபோய், "தாத்தா, இது நடிப்பு. ஆனால் உண்மையாகவே இப்படி ஒரு பாட்டி இருந்தார்களாம். அவர்களைப் பார்த்துத்தான் இந்த ரோஸ் பாட்டியை உண்டாக்கினார்களாம்" என்று கைப்பேசியில் படித்துச் சொன்னாள். "எத்தனை வயசு வரைக்கும் வனைஞ்சா?" என்றார் தந்தையார். "நூறுக்கு மேலே" என்றாள் மகள். அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

அந்த அம்மையாரின் பெயர் பியட்ரிஸ் வுட். மறுவாரமே பாளையத்தில் உள்ள மாநில மத்திய நூலகத்திற்குச் சென்று அவரைப் பற்றித் தேடத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த சிறிதளவு ஆங்கிலத்தைக் கொண்டு படித்தவற்றையும், மகள் படித்துச் சொன்னவற்றையும் சுருக்கித் தருகிறேன்.

பியட்ரிஸ் வுட் 1893-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்துச் செல்வர் வீட்டுப் பெண்ணுக்கு விதித்த வாழ்க்கை அவருக்குப் பிடிக்கவில்லை. பாரிஸ் நகரம் சென்று ஓவியமும் நடிப்பும் கற்றார். 1914-இல் முதல் உலகப் போர் மூளவே, நாடு திரும்பி நியூயார்க் நகரில் நாடக மேடையில் நடித்தார். மார்செல் துஷாம் போன்ற புதுமைக் கலைஞர்களின் நட்பு அவருக்கு அங்கே கிட்டியது. இத்தனைக்கும் அதுவரை அவர் களிமண்ணைத் தொழிலாகத் தொட்டவர் அல்லர்.

நம் நாட்டின் தொடர்பு அவருக்கு அப்போதே ஏற்பட்டுவிட்டது. சென்னை அடையாற்றில் தலைமையிடம் கொண்ட பிரம்மஞான சபையில் 1923-ஆம் ஆண்டு அவர் உறுப்பினரானார். மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சொற்பொழிவுகளைக் கேட்பதற்காக 1930-இல் ஹாலந்து நாட்டுக்குப் போனார். போன இடத்தில் பழம்பொருள் கடை ஒன்றில், தங்கம்போலவும் மயிற்கழுத்துப்போலவும் மின்னும் மேற்பூச்சுடைய சில தட்டுகளைக் கண்டு வாங்கிவந்தார். அத்தட்டுகளுக்குப் பொருத்தமான ஒரு தேநீர்க் கெண்டி வேண்டும் என்று எங்கெங்கோ தேடினார், கிடைக்கவில்லை. "கிடைக்காவிட்டால் என்ன, நானே செய்துகொள்கிறேன்" என்று முடிவு செய்து, 1933-இல் ஹாலிவுட் உயர்நிலைப் பள்ளியில் பெரியவர்களுக்காக நடந்த மண்கல வகுப்பில் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

நாற்பது வயதில் ஒரு கெண்டிக்காகப் பள்ளிக்கூடம் போவது எளிதா? என் வயதும் ஏறத்தாழ அதுதான். அலுவலகத்தில் புதிய கணிப்பொறி வந்தால் அதைக் கற்றுக்கொள்ளவே நாங்கள் எவ்வளவு முனகுகிறோம்! நினைத்த கெண்டி அவருக்கு எளிதில் கைகூடவும் இல்லை. தமக்கு இயல்பான கைத்திறன் கிடையாது என்றே அவர் கடைசி வரை சொல்லிவந்தார். திறமை இல்லாதவர் என்ன செய்தார்? உழைத்தார். தம்மினும் வல்லவர்களைத் தேடிப் போய்க் கற்றார். 1938-இல் க்ளென் லூக்கென்ஸ் என்பவரிடமும், அதன்பின் வியன்னா நகரிலிருந்து குடியேறிய நாட்ஸ்லர் தம்பதியரிடமும் பாடம் கேட்டார். சிறு கடை வைத்துத் தாம் செய்தவற்றை விற்றுப் பிழைத்தார். 1938-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றில் பெருகிய பெருவெள்ளம் அவர் வீட்டைக் கொண்டுபோயிற்று. மீண்டும் தொடங்கினார். 1948-இல், தம் ஐம்பத்தைந்தாவது வயதில், கிருஷ்ணமூர்த்தி வாழ்ந்த ஓஹாய் என்னும் மலைச் சிற்றூரில் சொந்த வீடும் சூளையும் அமைத்துக்கொண்டார்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது, ஹாலந்தில் அவரை மயக்கிய அதே மின்னும் பூச்சுத்தான். இதன் சூட்சுமத்தைச் சிறிது விளக்க அனுமதி தாருங்கள். குயவன் மகனுக்கு இந்த இடத்தில் வாய் நிற்காது. வெள்ளி, செம்பு முதலிய உலோகங்களின் உப்புகளைக் கலத்தின் மேற்பூச்சில் கலப்பர். சூளை நன்றாகக் கனன்ற நிலையில், உள்ளே காற்றுப் புகாமல் தடுத்துப் புகை மூட்டுவர். எரிவதற்குப் பிராணவாயு கிடைக்காத நெருப்பு, பூச்சில் உள்ள உலோக உப்பிலிருந்தே அதைப் பிடுங்கிக்கொள்ளும். அவ்வாறு பிடுங்கியதும் உலோகம் மட்டும் மிக மெல்லிய ஏடாகக் கலத்தின்மேல் தங்கிவிடும். அதுவே அந்த மினுமினுப்பு. நம் ஊர்க் கரும்பானைக்கும் இதே வித்தைதான்: சூளையின் வாயை மண்ணால் பூசி மூடிப் புகையை உள்ளே அடைத்தால் செம்பானை கரும்பானை ஆகும். இதை நான் வீட்டில் படித்துக் காட்டியபோது என் தந்தையார், "நாம கரிய வாங்குறோம், அந்தம்மா தங்கத்த வாங்குறா. சூள ஒண்ணுதான்" என்றார்.

சூளைக்குள் நெருப்பு என்ன செய்யும் என்பதை எவரும் முழுதும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறை சூளை திறக்கும்போதும் அது ஒரு புதிய தேர்வு. முந்தைய நாற்பது ஆண்டு அனுபவம் உதவும். ஆனால் அதுவே போதாது. இதனால்தான் இத்தொழிலில் கிழவரும் நாள்தோறும் மாணவராகவே இருக்கிறார் என்று எண்ணுகிறேன்.

1961-இல் பியட்ரிஸ் அம்மையார் இந்தியாவுக்கு வந்து பல நகரங்களில் தம் கலங்களைக் காட்சிக்கு வைத்தார். நம் கைத்தொழில்களுக்குப் புத்துயிர் ஊட்டிய கமலாதேவி சட்டோபாத்யாய அவர்கள் அப்பயணத்திற்குத் துணையாக இருந்தார். அப்போது அம்மையாருக்கு வயது அறுபத்தெட்டு. நம் நாட்டுச் சேலையும் வெள்ளி நகைகளும் அவர் மனத்தைக் கவர்ந்துவிட்டன. அதன்பின் வாழ்நாள் முழுதும் சேலை உடுத்தி, கை நிறைய வெள்ளி வளையல்களும் கழுத்து நிறைய மாலைகளும் அணிந்துகொண்டே அவர் சக்கரத்தின் முன் உட்கார்ந்தார். புலால் உண்பதில்லை, மதுவும் அருந்துவதில்லை. நீண்ட ஆயுளுக்கு என்ன காரணம் என்று எவரேனும் கேட்டால், "சாக்லேட்டும் இளைஞர்களும்" என்று குறும்பாகச் சொல்லி வந்தவரைச் சிரிக்க வைப்பாராம். (அவையில் உள்ள பாட்டிமார் சாக்லேட்டை மட்டும் எடுத்துக்கொள்வார்களாக!)

1974-இல், எண்பத்தொன்றாம் வயதில், அன்னி பெசண்ட் அம்மையார் ஓஹாயில் நிறுவிய அறநிலையத்தின் இடத்திற்குக் குடிபெயர்ந்து, அங்கே மீண்டும் புதிய சூளை. 1985-இல், தொண்ணூற்றிரண்டாம் வயதில், தன் வரலாற்று நூல் வெளிவந்தது. 1997-இல் நியூயார்க் நகரின் அமெரிக்கக் கைவினை அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் பணிக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. அப்போது அவருக்கு வயது நூற்று நான்கு. 1998 மார்ச் 12-ஆம் நாள், நூற்றைந்தாம் பிறந்த நாள் கழிந்து ஒன்பது நாட்களில், ஓஹாயிலேயே காலமானார்.

அன்பர்களே, இவ்வளவு விவரங்களையும் நான் சொன்னது அவர் நீண்ட நாள் வாழ்ந்தார் என்பதற்காக அன்று. நீண்ட நாள் வாழ்ந்தவர் நம் ஊர்களிலும் உண்டு. கவனிக்கத்தக்கது வேறொன்று. அவர் எண்பது வயதுக்குப் பின் வனைந்த பெரிய கிண்ணங்களும், பல கைப்பிடிகள் கொண்ட உயர்ந்த கலங்களுமே அவர் படைப்புகளில் சிறந்தவை என்று மதிப்போர் பலர். அவரைப் பார்க்க வந்தவர்கள் கிழவியைப் பார்க்க வந்தார்கள். ஆனால் கலத்தைப் பார்த்துவிட்டு, விலை கேட்டு வாங்கிப் போனார்கள்.

"அவர் வெள்ளைக்காரி, வசதி படைத்த நாட்டவர். நமக்கு அது பொருந்துமா?" என்று சிலர் கேட்கக்கூடும். எனவே நம் நாட்டவர் ஒருவரையும் சொல்கிறேன். டில்லியில் வாழ்ந்த சர்தார் குர்சரண் சிங் காஷ்மீரத்தில் பிறந்தவர். நிலவியல் படித்தவர். மண்ணின் இயல்பைப் புத்தகத்தில் கற்ற அவர், பின்னர் டில்லியில் ஒரு மண்கலத் தொழிற்சாலையில் சேர்ந்து கையால் கற்றார். 1919-இல் ஜப்பானுக்குச் சென்றார். இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் குயவர்களாகப் பின்னாளில் புகழ்பெற்ற பெர்னார்ட் லீச், ஹமடா ஆகியோருடன் அங்கே பழகினார். நாடு திரும்பி நெடுங்காலம் அரசுப் பணியில் இருந்தார்.

இனி வருவதை நம் குடியிருப்பின் ஓய்வூதியர்கள் செவி கொடுத்துக் கேட்க வேண்டும். அரசுப் பணி முடிந்த பின்பே, 1952-இல், அவர் டில்லியில் தம் சொந்தச் சூளையை அமைத்தார். 'டில்லி நீலம்' என்று பெயர் பெற்ற அந்த நீலப் பூச்சு, செம்பினால் வரும் நிறம்; டில்லியின் பழைய பதான் குயவர் வழியில் வந்த வித்தை. அதனைக் காத்து வளர்த்தார். தாம் கற்றதை இல்லை என்னாமல் சொல்லிக் கொடுத்தார். இந்தியாவில் இன்று கலைக்கூடம் வைத்து மண்கலம் செய்வோருள் பலர் அவருடைய மாணவர் வழியினர். 1979-இல் இந்திய மண்கலங்களைப் பற்றி நூல் எழுதி வெளியிட்டார். 1991-இல் அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1995-இல், ஏறத்தாழ நூறு வயதில் மறைந்தார். ஓய்வு பெற்ற பின் ஒரு மனிதருக்கு நாற்பது ஆண்டுத் தொழில் வாழ்க்கை இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிக் கரையில் உள்ள சிற்றூரில் வேளார் குடியில் பிறந்தவர். இப்போது வயது எழுபத்தெட்டு. பன்னிரண்டு வயதில் சக்கரத்தில் உட்கார்ந்தவர். சக்கரத்திலிருந்து அறுத்து எடுக்கும் பானைக்கு அடி இராது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திராது. ஓரளவு காய்ந்த பின், உள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி மண்ணை இழுத்து அடியை மூட வேண்டும். என் தாய் தந்தையர் இருவரும் எதிர் எதிரே அமர்ந்து தட்டும் ஓசையைக் கேட்டே நான் பாடம் படித்தேன். அந்தப் பானை விற்ற காசில்தான் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

2004-ஆம் ஆண்டில், ரயில்வே அமைச்சராக இருந்த லாலு பிரசாத் அவர்கள் ரயில் நிலையங்களில் மண் குவளையில் தேநீர் வழங்க வேண்டும் என்று அறிவித்தபோது, வேலைக்கு வந்து சில காலமே ஆகியிருந்த எனக்குத் தந்தையார் தொலைபேசியில் பேசினார். "எய்யா, நம்ம பக்கத்து ஸ்டேஷனுக்கும் வருமா? நாளைக்கு இருநூறு குவளை என்னால முடியும்" என்றார். "விசாரித்துச் சொல்கிறேன் அப்பா" என்றேன். விசாரிக்கவே இல்லை.

என் தாயார் காலமான பின், அவரைத் தனியே விட மனமின்றி இங்கே அழைத்துவந்தேன். ஊர் வீட்டை விற்றோம். அப்போது அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: சக்கரத்தை வண்டியில் ஏற்ற முடியுமா என்று. குவார்ட்டர்ஸில் இடம் ஏது என்றேன். "அதுவும் சரிதான்" என்றார். சக்கரம் வீட்டோடு போயிற்று. இங்கே அவருக்குக் கட்டில் வாங்கினேன், மின்விசிறி போட்டேன், வேளைக்கு மருந்து கொடுத்தேன். "இத்தனை காலம் உழைத்தது போதும், சும்மா இருங்கள்" என்று நாளுக்கு நான்கு முறை சொன்னேன். பெற்றவருக்குச் செய்யும் கடமை இதுவே என்று உண்மையாகவே நம்பினேன்.

இந்நகரில் ஆற்றுக்கால் பொங்கலைக்கு முன் தெருவெங்கும் புதுப் பானைகள் வந்து குவிவதை நாம் அறிவோம். 1997-இல் பதினைந்து லட்சம் பெண்களும் 2009-இல் இருபத்தைந்து லட்சம் பெண்களும் கூடிப் பொங்கலிட்டதாகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறிய விழா அல்லவா! அத்தனைக்கும் பானை வேண்டுமே. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்தும் லாரி லாரியாக வரும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், அப்படி வந்த லாரி ஒன்று நம் குடியிருப்பின் முனையில் நின்றது. மாலை நான் வேலை முடிந்து திரும்பியபோது, என் தந்தையார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானைகளுக்கு நடுவே குந்தியிருந்தார். ஒவ்வொரு பானையையும் எடுத்து விரலால் சுண்டி, கணீரென்று ஒலிப்பதை ஒரு புறமும் ஓசை செத்ததை மறுபுறமும் பிரித்துக்கொண்டிருந்தார். வாங்க வந்த பெண்கள் அவரிடமே கேட்டு வாங்கினார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளியை இந்த ஊருக்கு வந்த பின் நான் கண்டதில்லை.

நான் என்ன செய்தேன்? அலுவலகத்துத் தோழர்கள் இருவர் உடன் இருந்தனர். வீட்டுக்கு அழைத்து வந்து, "நாலு பேர் மதிக்கும்படி இருக்கிறேன் அப்பா. நீங்கள் தெருவில் பானை விற்றால் என் மரியாதை என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டார். நகக்கண்ணில் இருந்த மண்ணை ஒரு ஈர்க்குச்சியால் எடுத்தார். பிறகு கட்டிலில் போய்ப் படுத்தார். நான் முன்னர்ச் சொன்ன மௌனம் அன்று தொடங்கியது.

பானை விற்ற காசில் படித்தவன் பானையைக் கண்டு நாணினான். இதைவிட எளிய சொற்களில் என் பிழையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பியட்ரிஸ் அம்மையாரின் வரலாற்றைப் படித்த பிறகு ஒரு நாள், "அப்பா, மண் கொண்டுவந்தால் ஏதேனும் செய்வீர்களா?" என்று கேட்டேன். "சக்கரத்துக்கு எங்க போக?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து அவராகவே, "அகலுக்குச் சக்கரம் வேண்டாம்" என்றார். இந்த ஆண்டு பொங்கலைக்கு வந்த லாரிக்காரரே இரண்டு மூட்டை மண் கொண்டுவந்து போட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். பின்கட்டில் சிறு சூளை மூட்டியபோது எழுந்த புகையைக் கண்டு பக்கத்து வீட்டு மலையாள ஆசிரியர் ஓடி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று அஞ்சினேன். அவர் மடலும் சிரட்டையும் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்.

முதல் சூளையில் வைத்த நாற்பது அகல்களில் பதினேழு வெடித்துப்போயின. "பரவாயில்லை அப்பா, இந்த வயதில் இதுவே பெரிது" என்று ஆறுதல் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டார். "வயசுக்கும் இதுக்கும் என்ன? மண்ணுல மணல் காணாது" என்றார். மணல் கூட்டிப் பிசைந்தார். இரண்டாம் சூளையில் ஒன்பதுதான் வெடித்தன.

அன்பர்களே, அந்தக் கோபத்திலேதான் நான் கற்றுக்கொண்ட பாடம் இருக்கிறது. நாம் முதியவர்களை வணங்குகிறோம்; பொன்னாடை போர்த்துகிறோம்; விழா மேடையில் முன்வரிசை கொடுக்கிறோம். அவர்கள் என்றோ செய்தவற்றைப் பாராட்டுகிறோம். நேற்று என்ன செய்தார்கள் என்று கேட்பதில்லை. அவர்கள் ஒன்றைப் புதிதாகச் செய்தாலும், 'இந்த வயதிலா!' என்று வியக்கிறோமே அன்றி, அது நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. குழந்தை கிறுக்கியதைப் பார்ப்பதுபோல் பார்க்கிறோம். ஓஹாயில் அந்த மூதாட்டிக்குக் கிடைத்த பெரும்பேறு நீண்ட ஆயுள் அன்று. அவர் வனைந்த கலத்தைக் கலமாகவே பார்த்து, இது நன்று, இது அத்துணை நன்றன்று என்று சொல்லக்கூடிய மனிதர்கள் அவருக்குக் கடைசி வரை இருந்தார்கள். அதுவே உண்மையான மரியாதை என்று இப்போது கருதுகிறேன்.

இயலாதவர்களை வேலை வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓய்வு வேண்டியவருக்கு ஓய்வு கொடுப்பது நம் கடமை. ஆனால் ஓய்வு வேண்டுமா என்று அவரைக் கேட்டுவிட்டுக் கொடுப்போம். நான் கேட்கவில்லை.

நம் குடியிருப்பில் என் கண்ணுக்குத் தெரிந்தே எத்தனை கைகள்! முறமும் பெட்டியும் முடையத் தெரிந்த ஆச்சி ஒருவர் இருக்கிறார். பனையோலை விசிறி செய்பவர் இருக்கிறார். வடகம், வற்றல் இடுவதில் நிகரற்றவர்கள் இருக்கிறார்கள். தையற்பொறியை உறை போட்டு மூடி வைத்திருக்கும் தாத்தா இருக்கிறார். ஆகவே சங்கத்தாருக்கு என் விண்ணப்பம் இது: வரும் ஆண்டு விழாவில் மண்டபத்தின் ஓரத்தில் இரண்டு மேசைகள் போடுங்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டோர், அந்த ஆண்டில் தாம் புதிதாகச் செய்த பொருளை அங்கே வைக்கட்டும். பழைய பொருள் கூடாது. பரிசு வேண்டாம், பொன்னாடை வேண்டாம். விலைச்சீட்டு மட்டும் இருக்கட்டும். பிடித்தவர் வாங்கட்டும், குறை கண்டவர் குறை சொல்லட்டும்.

இன்று இம்மண்டபத்தின் வாயிலில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், சில அகல்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை என் தந்தையார் செய்தவை. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். தம்மைப் பற்றி இவ்வளவு பேசுவேன் என்று அவருக்குத் தெரியாது, மன்னிப்பாராக. அகல்களை இங்கே எடுத்து வரும்போது அவர் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். "வயசாளி செஞ்சதுன்னு சொல்லி வைக்காத எய்யா. ராத்திரி எண்ணெய் விட்டு, காலையில தரை நனைஞ்சிருக்கான்னு பாக்கச் சொல்லு" என்றார்.

ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். எண்ணெய் கசிந்தால், தயவு செய்து என்னிடம் சொல்ல வேண்டாம். அவரிடமே நேரில் வந்து சொல்லுங்கள். அடுத்த சூளைக்கு அவருக்கு அது வேண்டும்.